எல்லாத் துளைகளையும் அடைத்துவிட்டேன்

டிசம்பர் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அண்ணிக்கு மூட்டுவலி தேவலையா? உன் பத்திரிகை இந்த மாதமாவது சொன்ன தேதியில் வந்ததா, இல்லை வழக்கம்போல் அடுத்த மாத இதழோடு சேர்ந்து வருமா?

புது ஊரில் வேலைக்குக் குறைவில்லை. பல் வைத்தியர்கள் அச்சு எடுத்து அனுப்புகிறார்கள், நான் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து பல்செட் கட்டிக் கொடுக்கிறேன். மேசை முழுக்கப் பிளாஸ்டர் தாடைகள். பல் அடுக்கிய மெழுகை உருக்கிக் கழுவ நாள் முழுக்க வெந்நீர் வேண்டும். நல்லவேளையாக அந்த அறையிலேயே ஒரு கேஸ் கீசர் இருக்கிறது. வீட்டுக்காரம்மா மாடியில் இருக்கிறார், தனி ஆள். நான் சாமி கும்பிடுவதில்லை என்றதும் காய்ச்சல்காரியைப் பார்ப்பதுபோல் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

இனி சிரிக்காமல் படி. இந்த வீட்டில் ஏதோ ஊளையிடுகிறது. அதுவும் பட்டப்பகலில். நான் பல் அடுக்கிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து யாரோ நீளமாக மூச்சு விட்டு, அதையே பாட்டாக இழுப்பதுபோல் ஒரு சத்தம். பேய் என்று சொல்ல மாட்டேன், அப்பா நம்மை அப்படி வளர்க்கவில்லை. ஆனால் ஒரு கடைவாய்ப்பல்லைக் கோணலாக வைத்துவிட்டேன். மாடியம்மாவிடம் சொன்னால், "முன்னாடி இருந்தவங்களும் இதையேதான் சொன்னாங்க கண்ணு. ஆளை வச்சு ஓட்டிரலாமா?" என்கிறார்.

நான் என்ன செய்யட்டும்?

முன்பல் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கும்
உன் முயல்


டிசம்பர் 7

அன்பு முயலுக்கு,

அண்ணி நடக்கிறாள், பத்திரிகைதான் நொண்டுகிறது. ஊராருக்கெல்லாம் பல் கட்டுகிறவளுக்கே பயத்தில் பல் கிட்டிப்போயிற்று என்றால் இதைப் போய் யாரிடம் சொல்வது?

காலிப் புட்டியின் வாயில் ஊதிப் பார்த்திருக்கிறாயா? அதேதான். பழைய வீடு, சுவரெல்லாம் ஓட்டை, வெளியே குளிர்காற்று. மூட்டை மூட்டையாகப் பிளாஸ்டர் வைத்துக்கொண்டு நீ பயப்படலாமா? ஒரு துளை விடாமல் அடைத்துவிடு. சத்தம் நின்றால் நான் ஜெயித்தேன் என்று எழுது.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மாடியம்மாவை உள்ளே விடாதே. ஊருக்கெல்லாம் பேய் இல்லை என்று புத்தி சொல்கிற பத்திரிகைக்காரனின் தங்கை வீட்டில் பேய் ஓட்டினார்கள் என்று நாலு பேர் சொன்னால் நான் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது?

அன்புடன்,
அண்ணன்


டிசம்பர் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ ஜெயித்தாய். எல்லாத் துளைகளையும் அடைத்துவிட்டேன். சமையலறைச் சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டைகள், கதவு நிலையின் வெடிப்பு, கீசருக்கு மேலே சுவருக்குள் போகிற ஒரு தகரக் குழாய். பெரிய ஊளை அதிலிருந்துதான் வந்தது. எதற்கோ யாரோ எப்போதோ வைத்த குழாய். தாடை அச்சு எடுக்கிற பிளாஸ்டரைக் கெட்டியாகக் குழைத்து வெளிப்பக்கமிருந்தே திணித்துவிட்டேன். கல்லாக இறுகிவிட்டது. அன்றோடு ஊளை நின்றது.

அதற்குப் பிறகு வந்ததுதான் எனக்குப் பிடிபடவில்லை. வீடு நிசப்தமாக இருக்கிறது, ஆனால் யாரோ இருக்கிறார்கள். மாடிப்படியில் இல்லை, என் அறைக்குள்ளேயே நடக்கிற சத்தம். தலை பாறையாய்க் கனக்கிறது, சாப்பிட்டது நெஞ்சிலேயே நிற்கிறது. நேற்று மத்தியானம் மெழுகைக் கழுவிக்கொண்டிருந்தேன். கதவோரம் உயரமாக ஒருவர் நின்றார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம்.

செத்தவர் யாரும் திரும்பி வருவதில்லை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நாம் பழைய சண்டை ஒன்று போடுவோமே, இவ்வளவு பெரிய அண்டத்தில் நாம் மட்டும்தானா என்று. நீ "சாட்சி எங்கே" கட்சி, நான் "இருக்கலாம்" கட்சி. வேறு கிரகத்தில் அறிவுள்ள உயிர் இருக்கலாம் என்பதற்குச் சாமியும் வேண்டாம், பேயும் வேண்டாம். அப்படியானால் அவர்கள் வரவும் செய்யலாம் இல்லையா? பேயை நம்பாத எனக்குச் சொல்லிக்கொள்ள வேறு வார்த்தை கிடைக்கவில்லை அண்ணா.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட வெளியே நடந்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்று எனக்கே தெரியும். நேற்று மாலை கடைக்குப் போனபோதும் அப்படித்தான், தெருமுனை தாண்டியதும் தலைவலி பறந்துவிட்டது. திரும்பி வந்து கதவைச் சாத்தியதும் மறுபடி பிடித்துக்கொள்கிறது. அவர்களுக்கு வேண்டியது இந்த வீடுதான் போலிருக்கிறது.

முயல்


டிசம்பர் 17

அன்பு முயலுக்கு,

"இருக்கலாம்" வேறு, "வந்துவிட்டார்" வேறு. முதலாவதில் எனக்கு ஆட்சேபணையே கிடையாது. ஏதோ ஒரு கிரகத்தில் பாசி படர்ந்திருக்கலாம், அந்தப் பாசி நாளைக்குப் பாடம்கூட எடுக்கலாம். ஆனால் பல ஒளியாண்டு தாண்டி வருகிறவன் நேராக உன் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்பானா? அவனுக்குப் பல்செட் வேண்டுமாமா? பழைய சாமிக்குப் புதுச் சட்டை மாட்டி நீ வாசலில் நிறுத்தியிருக்கிறாய், அவ்வளவுதான். தனியாக இருக்கிறாய், கண் விழித்து வேலை செய்கிறாய், குளிர் வேறு. சன்னலை நன்றாகச் சாத்திக்கொண்டு கதகதப்பாகத் தூங்கு.

கோபித்துக்கொள்ளாதே, உன் கடிதம் எனக்கு நல்ல கட்டுரைக்கு ஆகும். நாத்திகர் வீட்டுக்குள்ளும் பயம் எந்த வேஷத்தில் நுழைகிறது என்று எழுதப்போகிறேன். பெயர் போட மாட்டேன். உன் விருந்தாளி எப்போது வருகிறார், என்ன செய்கிறார் என்று விவரமாக எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்


டிசம்பர் 22

அண்ணா,

விவரம் கேட்டாய். எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

நான் வேலை செய்யும்போதுதான் வருகிறார்கள். இப்போது ஒருவர் மட்டும் இல்லை. தாடைகள் மேசையில் தானாகவே திறந்து மூடுகின்றன. என்னைக் கூப்பிடுகின்றன, முயல் என்று. அந்தப் பேர் உனக்கும் அப்பாவுக்கும் தவிர யாருக்குத் தெரியும்? நேற்று ஒருவருடைய மேல்வரிசையைக் கீழேயும் கீழ்வரிசையை மேலேயும் கட்டியிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. மெழுகுக்கு என்ன பேர் என்று கொஞ்ச நேரம் மறந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

கொல்லைப் பூனை உள்ளே வருவதை நிறுத்திவிட்டது. வாசலில் நின்று என்னைப் பார்க்கிறது. சன்னல் இடுக்கு வழியாகத்தான் வருகிறார்கள் என்று தோன்றியது, அதையும் பிளாஸ்டர் வைத்துப் பூசிவிட்டேன். மாடியம்மா தட்டினார். "கதவைத் தொறம்மா, நாலு நாளா முகத்தையே காட்டலியே" என்றார். நீ சொன்னாயே என்று நான் பேசவே இல்லை. நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நான் சொல்வதை நீ நம்ப வேண்டாம் அண்ணா. எனக்குப் பயமாக இருக்கிறது, அதை மட்டும் நம்பு. காலில் பலம் இல்லை. தபாலுக்குப் போவதே


டிசம்பர் 26 – தந்தி

கீசரை அணை. சன்னல்களைத் திற. உடனே வெளியே போ. அண்ணன்.


டிசம்பர் 26

முயல்,

தந்தி கிடைத்தவுடன் வெளியே போயிருப்பாய். போயிருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை மாடியில் உட்கார்ந்துதான் நீ படிக்க வேண்டும்.

உன் கடிதங்களைக் கட்டுரைக்காகப் படியெடுத்துக்கொண்டிருந்தேன். "கீசருக்கு மேலே சுவருக்குள் போகிற ஒரு தகரக் குழாய்" என்று என் கையாலேயே எழுதினேன். எழுதிய கை அப்படியே நின்றுவிட்டது. அது யாரோ எதற்கோ வைத்த குழாய் இல்லையம்மா. கீசரின் புகை போகிற வழி. அதை நீ அடைத்துவிட்டாய், நான்தான் அடைக்கச் சொன்னேன். எரிந்த வாயு வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. கார்பன் மோனாக்சைடு என்கிற விஷம் அது, வாசனை இல்லை, நிறம் இல்லை. தலைவலி, குமட்டல், காலடிச் சத்தம், கதவோரம் நிற்கிற ஆள், எல்லாம் அதன் வேலைதான். வெளியே நடந்தால் தெளிகிறது என்று நீயே எழுதியிருந்தாய். அதற்கு நான் பாசி பாடம் எடுக்கிற ஜோக் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

நானே வரலாம் என்றால் வழியில் மண் சரிந்து ரயில் ஓடவில்லை. எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு வரி பதில் போடு. ஒரே ஒரு வரி.

அண்ணன்


டிசம்பர் 29

முயல்,

பதில் இல்லை. மறுபடி தந்தி அடித்தேன், அதற்கும் இல்லை. தபால்காரர் தெரு திரும்பும்போதே அண்ணி வாசலுக்குப் போய்விடுகிறாள், வெறுங்கையோடு வந்து என்னைப் பார்க்காமல் உள்ளே போகிறாள்.

திட்டியாவது எழுது.

அண்ணன்


ஜனவரி 1

அன்புள்ள அண்ணனுக்கு,

உயிரோடு இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நேற்றுத்தான் வந்தேன். மாடியம்மா வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். மெழுகுக்குப் பேர் மெழுகு என்று ஞாபகம் வந்துவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். உனக்கு எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை முடிக்காமலே தபாலில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன், அது எனக்கு நினைவில்லை. அதற்கு மூன்றாம் நாள் மாடியம்மா தன்னிடமிருந்த சாவியைப் போட்டுக் கதவைத் திறந்திருக்கிறார். நான் மேசைக்கடியில் கிடந்தேனாம். அந்த அம்மா வைத்தியரைக் கூப்பிடுவதற்கு முன்னால் செய்தது என்ன தெரியுமா? சப்பாத்திக் கட்டையால் என் பிளாஸ்டரை உடைத்து வீட்டிலுள்ள எல்லாச் சன்னலையும் திறந்ததுதான். "உள்ளே புகுந்த கெட்டது வெளியே போகணும்னா வழி விட வேண்டாமா?" என்று இப்போதும் சொல்கிறார். பிறகு என்னை இழுத்து வாசலில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டிருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டர்.

உன் தந்தி நான் ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாள் வந்ததாம், இவர்தான் வாங்கியிருக்கிறார். உன் விலாசம் தெரியாததால் பதில் போடவில்லை. ஆனால் தெருவெல்லாம் காட்டியிருக்கிறார். "பாருங்க, இவ அண்ணனும் சன்னலைத் தொறக்கத்தான் சொல்லியிருக்கார். அவரும் நம்ம மாதிரி விஷயம் தெரிஞ்சவர்தான் போல." டாக்டர் சொன்னதையும் நீ எழுதியதையும் வைத்து வாயுவைப் பற்றி நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "ஆமா ஆமா, அதுக்குப் பேரு வாயுதான்" என்று தலையாட்டுகிறார்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, ஆஸ்பத்திரியிலேயே தீர்ந்துவிட்டது.

வேறொன்று சொல்ல வேண்டும். நேற்று மாலை கீழே போய் என் அறையைப் பார்த்தேன். சன்னல் திறந்திருந்தது, தாடைகள் வாயை மூடிக்கொண்டு கிடந்தன. கதவோரம் யாரும் இல்லை. யாரும் வரவில்லை, இனியும் வரப்போவதில்லை, வந்ததெல்லாம் என் மூளையில் புகுந்த புகை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் மாடிக்கு ஓடிவந்துவிட்டேன். அவர்கள் இருந்தபோது பட்ட பயம் வேறு அண்ணா. யாருமே இல்லை என்று தெரிந்த அறையில் நிற்பது அதைவிடப் பயமாக இருக்கிறது. இதற்கு உன்னிடம் விளக்கம் இருந்தால் எழுதாதே.

முயல்


ஜனவரி 5

அன்பு முயலுக்கு,

விளக்கம் இல்லை. இருந்தாலும் எழுத மாட்டேன். கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

உன் கடிதம் வராத நாட்களில் நடந்த ஒன்றை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். இரண்டாவது தந்திக்கும் பதில் இல்லை என்றானதும் கூடத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தேன். "மேல இருக்கிறவங்க யாராவது அவளைப் பாத்துக்கங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நான்தான் சொன்னேன். அப்பா இருந்தால் வீட்டை விட்டே துரத்தியிருப்பார். உள்ளே இருந்த அண்ணிக்குக் கேட்டுவிட்டது. நேற்று உன் கடிதத்தைப் படித்து அழுது முடித்துவிட்டுச் சொல்கிறாள்: "மேல இருக்கிறவங்கன்னா அந்த வீட்டுக்காரம்மாதானே? நீங்க கேக்கிறதுக்கு முன்னாடியே அவங்க பாத்துக்கிட்டாங்க."

நான் சிரித்தேன். பிறகு பெட்டியைக் கட்ட உட்கார்ந்தேன்.

பாதையைச் சரிசெய்துவிட்டார்கள். நாளைக்கு முதல் வண்டியில் கிளம்புகிறேன், அண்ணியும் வருகிறாள். நீ கீழே தனியாகப் போகாதே. நான் வந்து சேரும்வரை மேலேயே இரு.

அண்ணன்