வேரை மூடாதே

சியாங் மாய்,
மழை ஓயும் மாதம்.

அன்புள்ள பிம்முக்கு,

நீயும் என் மகள் ப்ளோயும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். வீட்டுத்தலைவரையும் சேர்த்து விசாரிப்பதுதான் முறை. எனக்கு மனது வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. புருஷனின் முதல் மனைவியை 'அக்கா' என்று கூப்பிட்டு எழுத உனக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்! பதிலை வீட்டுக்கு வேண்டாம், தையல்கடைக்கு அனுப்பு, அனுப்புகிறவர் பெயர் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். கடைக்கே அனுப்புகிறேன். உன் புருஷன் வீரயுத்துக்குப் பயந்து வாழ்வது எப்படியிருக்கும் என்று நானும் அறிவேன். ஆனால் என் பெயரை மறைக்க மாட்டேன். உறையின் பின்னால் முழுப்பெயரும் முகவரியும் பெரிய எழுத்தில் இருக்கும்.

முதலில் செடியைப் பார்ப்போம். உன் கைக்கு வந்திருப்பது வெள்ளைப்பூ ஆர்க்கிட். எங்கள் பக்கம் அதற்கு வெள்ளை யானை என்று பேர். மண்ணில் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினேன், இலை மஞ்சளாகிறது என்று எழுதியிருக்கிறாய். நீ பாங்காக் கடைத்தெருவில் வளர்ந்தவள், செடி என்றால் மண் என்று நினைத்ததில் தப்பில்லை. "என்ன இது, பேய் தலைய விரிச்சுப் போட்ட மாதிரி வேரு தொங்குது? அசிங்கம். தொட்டில வச்சு மூடு" என்று மாமரத்திலிருந்து அதை அறுத்து இறக்கியவர் அவர்தானே. அந்தக் குரலை எனக்குத் தெரியாதா!

அது காற்றைக் குடிக்கும் செடி. மண்ணுக்குள் அதற்கு மூச்சு முட்டும். இன்றே வெளியே எடு. வேரைக் கழுவு. தொட்டால் கூழாக இருப்பதை நெருப்பில் காட்டிய கத்தியால் வெட்டு. வெட்டின இடத்தில் வெற்றிலைக்குத் தடவும் சிவப்புச் சுண்ணாம்பைப் பூசு. கடினமாக இருக்கும் வேர் ஒன்று மிஞ்சினாலும் போதும், பிழைத்துக்கொள்ளும். காயம் ஆறும்வரை நிழலில் தலைகீழாகத் தொங்கவிடு, தண்ணீர் காட்டாதே. பாவம் என்று இரக்கப்படாதே. அதைக் கொல்வது உன் இரக்கம்தான்.

பிறகு மரச்சட்டக் கூடையில் நாலு கரித்துண்டு போட்டுக் கட்டி, காலை வெயில் படும் இறவாரத்தில் மாட்டு. வேர் வெள்ளி நிறமானால் தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம், பச்சையாக இருந்தால் வேண்டாம். காலையில் மட்டும் ஊற்று. சாயங்காலம் ஊற்றினால் குருத்தில் தண்ணீர் தங்கி அழுகிவிடும். வேர் எந்தப் பக்கம் நீண்டாலும் திருப்பாதே, வெட்டாதே. அதன் வழி அதற்குத் தெரியும்.

கடிதத்தின் கடைசியில் நீ எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ மண்ணை அள்ளிப் போடும்போது ப்ளோய் பக்கத்தில் வந்து நின்று, "எங்கம்மா வேர மூட மாட்டாங்க" என்றாளாம். உள்ளேயிருந்து அவர், "எந்த அம்மா? உன்ன மறந்துட்டுப் போனாளே அவளா? அவ பேரு இந்த வீட்ல கேக்கக் கூடாது" என்றாராம். அதிலிருந்து பிள்ளை அந்தச் செடிப் பக்கமே வருவதில்லை என்கிறாய்.

பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தபோது, "வீடா வேலையா, ஒண்ணச் சொல்லு" என்றார். வேலை என்றேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். பிள்ளையா வேலையா என்று அவர் கேட்கவில்லை, நானும் பிள்ளையை விட்டுக்கொடுக்கவில்லை. நான் கையைப் பிடித்து வாசல்வரை அழைத்து வந்த பிள்ளையை அவர் உள்ளே இழுத்துக்கொண்டார். அதன்பிறகு நான் எழுதும் கடிதங்களெல்லாம் பிரிக்கப்படாமல் திரும்பி வருகின்றன. போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறார்கள். ஒருத்தியின் பெயரைச் சொல்லாமலிருந்தால் அவள் இல்லாமலே போய்விடுவாள் என்று நினைக்கிறார். நான் இருக்கிறேன். பிள்ளை என்னிடம் வர வேண்டும் என்று நான் போட்ட வழக்கில், ஜனவரியில் நீதிபதி ப்ளோயையே கூப்பிட்டு, யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்கப்போகிறார். அம்மா மறந்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டு அவள் அங்கே போய் நிற்கக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் கவலை. மற்றபடி அவர் எந்த வக்கீலை வைத்தாலும் பார்த்துக்கொள்கிறேன்.

உன்னைச் சாட்சிக்குக் கூப்பிட மாட்டேன். செடியையும் திருப்பிக் கேட்கவில்லை. ப்ளோய் பிறந்த வருஷம் அந்த மாமரத்தில் நான் கட்டியது அது. இனி உன்னுடையது, உன் கையில் நன்றாக இருக்கட்டும். வைத்தியத்துக்குக் கூலி மட்டும் கேட்கிறேன்.

சுண்ணாம்பு பூசும்போது ப்ளோயைக் கூப்பிட்டுக் கூடையைப் பிடிக்கச் சொல். இதையெல்லாம் யார் சொன்னது என்று கேட்பாள். கேட்காவிட்டாலும் சொல். காதோடு ரகசியமாக வேண்டாம், வீடு முழுக்கக் கேட்கும்படி சொல் என்று உன்னைக் கட்டாயப்படுத்த எனக்கு உரிமையில்லை. உனக்கு எவ்வளவு குரல் வருமோ அவ்வளவில், 'மாலிவான் சொன்னாள்' என்று சொல்.

உன் கைபட்டதெல்லாம் துளிர்க்கட்டும், தங்கச்சி.

இப்படிக்கு,
ப்ளோயின் அம்மா,
மாலிவான்.