பச்சை அங்கி

இஸ்பஹானை ஆளும் என் மூத்த மகன் மெஹ்ரானுக்கு, ஸர்கூஹ் மலைக்கோட்டையிலிருந்து உன் தாய் எழுதுவது. இறைவன் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

நீ அனுப்பிய பச்சை அங்கி வந்து சேர்ந்தது. ஷீர்சாத் அதைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினான். “அண்ணன் என்னைக் கூப்பிட்டுட்டான்மா, இனி அவன் பக்கத்துலதான் இருப்பேன்” என்று ஒரே சந்தோஷம். கை சற்று நீளம். தம்பியைப் பார்த்து நாலு வருஷமாகிறது, அளவு உனக்கு எப்படித் தெரியும்? மடித்துத் தைத்துவிட்டேன்.

எதற்கு அழைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். போன மாதம் ஜும்ஆ பிரசங்கத்தில் ஆள்பவரின் பெயரைச் சொல்லும் இடத்தில், எங்கள் கிழட்டு இமாம் உன் பெயருக்குப் பதில் ஷீர்சாத் பெயரைச் சொல்லிவிட்டார். தினமும் அவன் முகத்தையே பார்ப்பவர், வாய் தவறிவிட்டது. உன்னிடம் கோள் சொன்னவன் மிச்சத்தையும் சொன்னானா? உன் தம்பி எழுந்து நின்று, “எங்க அண்ணன் பேரைச் சொல்லுங்க” என்று கத்தினான். பிரசங்கத்தின் நடுவே பேசிய பாவத்துக்காக மூன்று நாள் நோன்பு இருந்தான்.

உன் சித்தப்பா பஹ்மான் அங்கியைத் தடவிப் பார்த்து நிறம் கேட்டார். பச்சை என்றேன். “என் அண்ணன் எனக்கு அனுப்பினது சிவப்பு, அண்ணி. நான் கடைசியா பார்த்த நிறம் அதுதான்” என்று சிரித்தார். குருடன் அரசாள முடியாது என்று உன் தந்தை அவர் கண்களில் ஊசி பாய்ச்சியபோது நானும் வாய்மூடி இருந்தேன். இருபது வருஷமாக அவர் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன்.

பங்காளிகளைத் துரத்திவிட்டு நீ அரியணை ஏறிய அன்று நான் இங்கே தனியாக அக்ரோட்டுக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். வாரத்தில் ஒரு நாள், அந்தப் பிரசங்கத்தில்தான் உன் பெயர் என் காதில் விழுகிறது. அதற்காகவே முழங்கால் வலியோடு மசூதிக்குப் போகிறேன்.

ஷீர்சாதை நான் தடுக்கவில்லை. தடுத்தால் கலகம் என்று படையோடு வருவாய். நாளைக் காலையில் புறப்படுகிறான். நவ்ரோஸ் புத்தாண்டுக்குத் திரும்பிவிடுவானாம். சித்தப்பாவைக் கைபிடித்து இந்தக் கோட்டைப் படிகளில் ஏற்றிக் கூட்டிவருவது அவன்தான்.

மகனே, உன் ஆட்சி நிலைக்கட்டும், உன் எதிரிகள் அழியட்டும். உன் தம்பி திரும்பி வரும்போது, யார் கையையும் பிடிக்காமல் அந்தப் படிகளில் ஏறி வரட்டும்.

உன்னைப் பெற்றவள்,
நாஸ்பானு