ஃப்ளீட்லைனின் கூரை

1957 மார்ச் 3, ஞாயிறு. மாலை 4.10. காரின் கூரையை இரண்டாவது முறையாக வெட்டியாயிற்று. தங்கை ஒஃபெலியா கல்யாணத்துக்குத் தொண்ணூறு நாள்.

போன வருஷம் நானும் என் சிநேகிதன் நாச்சோவும் கூரையை நாலு அங்குலம் தாழ்த்தியபோது தெருவே கைதட்டியது. எனக்கு மட்டும் பிடிக்கவில்லை. 48 செவர்லே ஃப்ளீட்லைனின் அழகே, கூரை உச்சியிலிருந்து பின் பம்பர் வரை ஒரே வழுக்கலாக இறங்குவதுதான். எங்கள் வெட்டுக்குப் பிறகு கதவுக்குப் பின்னால் ஒரு கூன். தெருமுனையில் நின்றால் தெரியும். பக்கத்தில் நின்றால் தெரியாது. எல்லோரும் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

"மச்சான், காரை மறுபடி அறுக்கிறதைவிட உனக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கறது சுலபம்டா," என்றான் நாச்சோ. சொல்லிக்கொண்டே அறுத்தான். கார் அவனுடையது.

மார்ச் 10

சர்ச்சில் பூசை முடிந்து வந்து, மெனூதோ சூப் கிண்ணங்களுக்கு நடுவே அம்மா கல்யாணச் செலவை ஏற்கும் பத்ரினோக்களைப் பங்கு பிரித்தாள். மோதிரத்துக்கு ரெமீகியோ மாமா, கேக்குக்கு சோலே அத்தை, இசைக்குழுவுக்கு அவள் புருஷன். காருக்கு நான். பத்ரினோ என்றால் அந்தப் பொருள் கோயில் வாசலுக்கு வந்து சேர நான்தான் ஜவாப்தாரி.

"அண்ணே, கார் வருமா, இல்ல கவுனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ட்ராம்ல போகவா?" ஒஃபெலியா கேட்டாள்.

"வரும்."

"எந்த ஜூன்?"

எல்லோரும் சிரித்தார்கள், மாப்பிள்ளை நாச்சோவும் சேர்ந்து. அவனுக்கு முந்நூற்றைம்பது மைல் வடக்கே சான் ஹோசேயில், பழம் டின்னில் அடைக்கும் ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. கல்யாணம் முடிந்ததும் இருவரும் கிளம்புகிறார்கள். காரும் போகிறது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என்ன செய்வேன் என்று யாரும் கேட்கவில்லை.

மார்ச் 31

கூன் போய்விட்டது. கால் அங்குலம்தான் வித்தியாசம். தெருமுனையில் நின்றேன். எதிர்வீட்டுக்காரி வெளியே வந்து "என்ன தம்பி, பஸ்ஸுக்கா?" என்று கேட்கும் வரை நின்றேன்.

கதவுக் கைப்பிடிகளைக் கழற்றி ஓட்டைகளை அடைத்தோம், இனி அடியில் ஒளித்த பொத்தானை அழுத்தினால்தான் திறக்கும். ஹெட்லைட்டுகளை ஓரம் தெரியாமல் மட்கார்டுக்குள் புதைத்தோம். பின்மூடியின் எழுத்துகளையும் எடுத்துவிட்டேன். நாச்சோவுக்கு அதில் வருத்தம். "பேரையும் அழிச்சிட்டே. இதுக்கு ஞானஸ்நானம் குடுத்த சாமியார் யாருன்னு போலீஸ் கேட்டா என்னடா சொல்வேன்?"

ஏப்ரல் 13, சனி

நாச்சோவுக்கு வெல்டிங் கடையில் ஷிப்டு. தனியாக ஈயம் பூசினேன். கூரையை வெட்டி ஒட்டிய வெல்டிங் தையல் முழுக்க முதலில் ஆசிட் தடவி, சூடு காட்டி, ஈயத்தை வெண்ணெய்போல் இளகவைத்து மரக்கட்டையால் இழுக்க வேண்டும். நன்றாக வந்தது. நான் பூசியதிலேயே இதுதான் நல்லது.

பூசிய பிறகு சமையல் சோடாத் தண்ணீரால் கழுவ வேண்டும், ஆசிட் சாவதற்கு. பிறகு காய வேண்டும். மூன்று நாளாகக் கடற்பனி, எதுவும் காய்வதில்லை. பெயிண்டர் எவரார்தோவின் கொட்டகை திங்கட்கிழமை மட்டும்தான் காலி. அதை விட்டால் ஜூன். கழுவாமல் தின்னர் போட்டுத் துடைத்தேன். மிஞ்சியிருக்கும் ஆசிட் எவ்வளவு என்று தாளில் கணக்கும் போட்டேன். சொற்பம்.

சாயங்காலம் நாச்சோ வந்தான். "சோடா போட்டுக் கழுவியாச்சா?"

"ஆச்சு."

ஏன் அப்படிச் சொன்னேன்? உண்மையைச் சொன்னால் ஒரு மணி நேரம் பேச வேண்டியிருக்கும். அதான்.

ஏப்ரல் 27

வெள்ளிப் பூச்சுக்கு மேல் கண்ணாடிபோன்ற சிவப்பு, பன்னிரண்டு கோட். வெயிலில் தள்ளி நிறுத்தினோம். திராட்சை ரசத்தை உறையவைத்த மாதிரி இருந்தது. நாச்சோ தொப்பியைக் கழற்றினான். பிறகு என் கழுத்தைப் பிடித்து உலுக்கி, "உனக்குக் கண்ணு நல்லாத்தான்டா இருக்கு," என்றான்.

மே 19, ஞாயிறு

இடப்பக்கம், கதவுக்கு மேலே, தையல் ஓரமாக. கடுகு அளவில் ஒன்பது கொப்புளம்.

முதலில் பார்த்தது நாச்சோதான். "என்னடா மச்சான், கூரைக்கு அம்மை போட்டிருக்கு?" சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கட்டைவிரலால் ஒன்றை அழுத்தினான். உடைந்து ஈரம் கசிந்தது. நக்கிப் பார்த்துத் துப்பினான்.

"கழுவினேன்னு சொன்னே."

"சொன்னேன்."

அவன் துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தான், போய்விட்டான்.

இந்தச் சிவப்புக்கு ஒட்டுப்போட முடியாது. தொட்ட இடம் மட்டும் இருண்டு திட்டாக நிற்கும். வண்டி முழுக்கச் சுரண்டி, ஈயத்தை உருக்கி இறக்கி, முதலிலிருந்து... பதிமூன்று நாளில் முடியாது. நாற்பது நாளிலும் முடியாது. தாளில் போட்டுப் பார்க்கவே தேவையில்லை. கணக்கு! மண்ணாங்கட்டி.

மே 20

இன்று கொப்புளங்களை எண்ணவில்லை.

மே 25

சித்தி மகன் ஹிலாரியோவின் புதுக் காரில் பெண் போகிறாள். அம்மா அவனைக் காருக்குப் பத்ரினோ ஆக்கிவிட்டாள். என்னை மதுவுக்கு மாற்றியிருக்கிறாளாம். மது ஏற்கெனவே வாங்கியாயிற்று.

ஒஃபெலியாவிடம் கழுவாமல் விட்ட விஷயத்தைச் சொன்னேன். வெள்ளைக் காகிதப் பூ சுற்றிக்கொண்டிருந்தாள். "கூரை பூரா இதை ஒட்டிட்டா தெரியாதுல்ல?" என்றாள். தெரியாதுதான். ஆனால் நாச்சோ அதில் ஏற மாட்டான் என்று அவளுக்கும் தெரியும்.

ஜூன் 1

கல்யாணம் நன்றாக நடந்தது. ஃப்ளீட்லைன் கராஜில், தார்ப்பாய்க்குக் கீழே.

நாச்சோ மேஜை மேஜையாக வந்தான். என்னிடமும் நின்றான். "நல்லா சாப்பிட்டீங்களா?" என்றான். நீங்க! பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை.

ஜூன் 9

காரை விட்டுவிட்டு இருவரும் சான் ஹோசே போய்விட்டார்கள். கராஜைத் திறக்கவில்லை.

ஜூன் 16

திறந்தேன். வலப்பக்கமும் ஆரம்பித்துவிட்டது. சுரண்டியை எடுத்தேன், வைத்தேன். எல்லாவற்றையும் சரிசெய்து வருஷக் கடைசியில் கொண்டுபோய் அவன் வாசலில் நிறுத்தினால்? யாருக்காக?

ஜூன் 22, சனி

சான் ஹோசேயிலிருந்து ஒஃபெலியா, மளிகைக்கடை போனில்.

"அண்ணே, வண்டி ஓடுமா?"

"எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல. கூரைதான்..."

"கூரை மேல ஏறியா நான் போகப்போறேன்? இப்ப ஆப்ரிகாட் சீசன், நானும் ஆலைக்குப் போறேன். இந்தப் பக்கம் பஸ் கிடையாது. ரெண்டு மைல் நடக்கறேன்."

"நாச்சோ கேக்கச் சொன்னானா?"

"அவரு கேக்க மாட்டாரு. நான் கேக்கறேன்."

"ரெண்டு மாசம் குடு. சரிபண்ணிக் கொண்டாறேன்."

"உன் ரெண்டு மாசம் எனக்கு வேண்டாம்ணே. வண்டி வேணும்."

போனை வைத்துவிட்டாள். அவள் சொன்னது சரி. வேறு எதுவும் எனக்குச் சரியாகத் தோன்றவில்லை.

நாளைக்கு:

1. விடிந்ததும் கிளம்ப வேண்டும். ஒன்பது மணி நேரமாவது ஆகும்.

2. தார்ப்பாய் போடக் கூடாது.

3. சிக்னலில் யாராவது ஜன்னலை இறக்கி "இது யார் வேலை?" என்று கேட்டால், என்னுடையது என்று சொல்ல வேண்டும்.

4. சாவியை ஒஃபெலியா கையில் கொடுக்க வேண்டும். உள்ளே கூப்பிட்டால் போகலாம். கூப்பிடாவிட்டால் வாசலோடு சரி.

5. திரும்பிவர பஸ் எத்தனை மணிக்கு என்று இன்றே கேட்டுவைக்க வேண்டும்.