கூட்டேரிப்பட்டு நிறுத்தத்தில் அடுத்த வருடம்

9 ஜூலை 2025, புதன்

திண்டிவனம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸிலேயே குறும்படத்துக்கான கதையை முடித்துவிட்டேன். ஒரு பெண் கூட்டேரிப்பட்டில் பஸ்ஸுக்காக நிற்கிறாள். கடந்து போகும் பஸ்ஸின் கண்ணாடியில் அவள் உருவம் விழுகிறது. ஆனால் அது ஒரு வருடம் கழித்து அவள் இருக்கப்போகும் உருவம். சத்தம் கிடையாது, சில நொடிகள்தான். நான் படித்த விஞ்ஞானக் கதைகளில் எதிர்காலத்தைப் பார்க்க ஏதாவது பெரிய இயந்திரம் இருக்கும். எங்கள் வசதிக்கு விழுப்புரம் பஸ்.

அடுத்த வருடத்துப் பெண்ணின் கழுத்தில் தாலி. பக்கத்தில் ஒருவன் அவித்த வேர்க்கடலையை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, உரித்து அவள் கையில் போடுகிறான். 'அவன் முகம் தெரியாது' என்று எழுதினேன். எனக்குத் தெரியும்.

10 ஜூலை

இனியவன் படித்தான். கல்லூரியிலிருந்தே நண்பன், படத்தை எடுக்கப்போவதும் அவன்தான்.

"இந்த ஆளு யாரு ஜெசிந்தா?"

"யாரோ ஒருத்தன்."

"யாரோ ஒருத்தன் மல்லாட்டை உரிச்சிக் குடுப்பானா? அவனவன் தின்னவே பத்தாது."

பேச்சை மாற்றிவிட்டேன். சொல்லியிருக்கலாமோ? இல்லை என்றுவிட்டால் படமும் போகும், அவனும் போவான்.

12 ஜூலை, சனி

இன்று படப்பிடிப்பு. நாயகியாக நடிக்க வேண்டிய ஷமீமுக்குக் காய்ச்சல். கோட்டக்குப்பத்திலிருந்து வர முடியவில்லை. "கண்ணாடியில மங்கலாத்தான தெரியப் போவுது, நீயே நில்லு" என்றான் கேமராவை வைத்திருந்த தேவா. தாலிக்காக மஞ்சள் கயிற்றில் சிலுவை டாலரைக் கோத்து அவனே கொண்டுவந்திருந்தான். எங்கள் கிறிஸ்தவ ஆட்கள் பார்த்தால் நம்ப வேண்டுமாம். கணவனாக நிற்க ஒப்புக்கொண்டவன் போனையே எடுக்கவில்லை. கடைசியில் இனியவனே நின்றான்.

எத்தனை பஸ் போனது என்று தெரியாது. ஒவ்வொன்றுக்கும் என் உள்ளங்கையில் ஒரு மல்லாட்டை. நடிக்கவே இல்லை நான். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

13 ஜூலை, ஞாயிறு

பேஜாரு.

நாங்கள் படம் பிடித்த ஒரு பஸ்ஸுக்குள் சின்னபொண்ணு அத்தை இருந்திருக்கிறாள். அப்பாவின் தங்கை. விடிந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"சிலுவை வெச்ச தாலிண்ணே. இந்தக் கண்ணால பாத்தேன். ரோட்ல மல்லாட்டை வேற தின்னுக்கினு நிக்கறா."

படம் என்று சொன்னேன். அத்தை நம்பவில்லை. அம்மாவின் கேள்விதான் என்னைக் கவிழ்த்தது.

"அப்போ கல்யாணம் ஆவல?"

"ஆவலம்மா."

"ஏன் ஆவல?"

அப்பா சாப்பிடாமல் எழுந்தார். "மொதல்ல அந்தப் படத்த அழிக்கச் சொல்லு."

16 ஜூலை

அப்பா இன்னும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அழிக்கச் சொல்லி இனியவனுக்கு மெசேஜ் எழுதினேன். அனுப்பவில்லை. வெறும் படம்தான் என்று சாதித்தால் அப்பா சமாதானமாகிவிடுவார். ஆனால் அந்தப் பொய்யை ஒருமுறை சொல்லிவிட்டால் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். அந்த நிறுத்தத்தில் நின்றபோது இருந்த சந்தோஷம் பொய்யா என்ன?

20 ஜூலை, ஞாயிறு

இனியவன் லேப்டாப்போடு வீட்டுக்கே வந்துவிட்டான், கூட தேவாவும். அத்தை கிளப்பிய பேச்சு அவன் காதுக்கும் எட்டியிருக்கிறது. "படம்தாங்க, நீங்களே பாருங்க" என்று அப்பா முன்னால் வைத்தான். அத்தையும் வந்து உட்கார்ந்தாள்.

கண்ணாடியில் நாங்கள் இருவரும் மங்கலாக. அதே கண்ணாடிக்குப் பின்னால், வாயைப் பிளந்தபடி ஒரு முகம்.

"அது நாந்தான?" என்றாள் அத்தை. "ஏ தம்பி, இன்னொரு வாட்டி போடு. ஜல்தி போயிடுச்சி." மூன்றாம் முறையும் போடச் சொன்னாள். அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. இனியவனைப் பார்த்து, "நெசமாவே வெறும் படந்தானா தம்பி?" என்றார்.

அவன் என்னைப் பார்த்தான்.

"எனக்கு இல்லப்பா" என்றேன்.

"எனக்கும் இல்லீங்க" என்றான்.

"எனக்கு வெறும் படந்தாங்க" என்றான் தேவா, யாரும் கேட்காமலே. அப்பா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மாவிடம், "சவுரியம்மா, பசங்களுக்குச் சோறு போடு" என்றார். அவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்.

3 ஆகஸ்ட்

இனியவனின் அப்பா அம்மா பெண் கேட்டு வந்துபோனார்கள். அத்தைதான் அதிகம் பேசினாள்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிவில் சாமியார் எங்கள் கல்யாண ஓலையை வாசித்தார். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிக்க வேண்டும். இவனுக்கும் இவளுக்கும் என்று என் பெயரை ஊரே கேட்க வாசித்தபோது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றார்.

அத்தை இருமினாள். கோயிலே திரும்பிப் பார்த்தது. தொண்டையைத் தொட்டுக் காட்டி, ஒன்றுமில்லை என்று கையசைத்தாள்.

இன்னும் இரண்டு ஞாயிறு.