மாப்பிள்ளைக்குப் புதுச் சைக்கிள்

மாப்பிள்ளை,

நேற்று உம்ம ஆத்துமாவுக்குப் பூசை வைத்துவிட்டு மாதா கோயிலிலிருந்து ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தேன். முத்தையாபுரத்துக்கு முன்னாலேயே டயர் பஞ்சர். ரோட்டோரக் கடைக்காரன் டியூபைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, வாயால் ஊதி ஊதிக் காயவைத்துக்கொண்டே, "அஞ்சு நிமிசம் அண்ணாச்சி, இந்தா முடிஞ்சிட்டு" என்றான். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உம்மை நினைத்து எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்தான். "உங்க அஞ்சு நிமிசத்தை எல்லாம் நான் எழுபதுலயே பார்த்தவன்லே" என்று ஒரு சத்தம் போட்டேன். அவன் பாவம், அப்போது பிறந்தே இருக்கமாட்டான்.

பூசையில் சாமியார் உம்மைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார். அமைதியான மனுசன், எல்லாருக்கும் வேண்டியவர் என்றார். என்னைப் பேசச் சொல்லியிருந்தால் நான் சைக்கிளில்தான் ஆரம்பித்திருப்பேன். யாரும் சொல்லவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம். என் தங்கச்சியை உமக்குக் கட்டிக் கொடுத்தோம். எங்க அப்பா மாப்பிள்ளைக்கு என்று புதுச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். பச்சை நிறம். டைனமோ லைட், கேரியர், இரண்டு தெருவுக்குக் கேட்கிற மணி. கோயில் வாசலில் உம் கழுத்திலும் மாலை, சைக்கிள் கழுத்திலும் மாலை. போட்டோக்காரர் உங்கள் இருவரையும் சேர்த்து நிற்கவைத்துப் படம் பிடித்தார். இருவர் என்று நான் சொல்வது உம்மையும் சைக்கிளையும். தங்கச்சி ஓரமாக நின்றாள்.

எனக்கு வந்தது அப்பா மிதித்து ஓய்ந்த சீமைச் சைக்கிள். கம்பெனித் துரை ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது அப்பாவுக்கு விட்டுச்சென்றது. பார்க்கக் கம்பீரமாக இருக்கும், குதிரை மாதிரி உயரம். மிதித்தால் 'கடக் கடக்' என்று ஊரையே எழுப்பும்.

"ஏம்ப்பா, அவரு வீட்டுல இருந்து கடலுக்கு நடந்தா பத்த வச்ச பீடி தீராது. அவருக்கு எதுக்கு சைக்கிள்? முத்தையாபுரத்துல இருந்து தினமும் மிதிக்கிறது நான்லா" என்று கேட்டேன்.

"ஏலே, அவரு மாப்பிள்ளை. மகனுக்கு எதுக்குலே புதுசு?" என்று அப்பா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

வயிறெரிந்தது, மாப்பிள்ளை. மூடி மறைக்க என்ன இருக்கிறது? உமக்கே தெரியும்.

நான் ஏன் விடிவதற்குள் கடற்கரைக்கு வரவேண்டும் என்பது உமக்கும் எனக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால்தான் சிரிக்கிறார்கள். சங்கு குளிக்க இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை அவன் மனைவியின் கூடப்பிறந்தவன்தான் வள்ளத்தில் நின்று பிடிக்க வேண்டும். தங்கச்சியின் தாலி தன் கையில் இருக்கும்போது எவனும் அசந்து நிற்கமாட்டான் என்று முத்துக்குளித்த காலத்திலேயே வைத்த வழக்கம். என் தங்கச்சிக்கு நான் ஒரே அண்ணன். நீர் அடியிலிருந்து கயிற்றைச் சுண்டினால் நான் இழுக்க வேண்டும். அதற்கு எனக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு போய்விட்டால் திரும்பவும் உப்பளத்தில் மூட்டை தூக்க வேண்டியதுதான். உப்புத் தண்ணீரில் வெடித்த கால் அப்போதுதான் கொஞ்சம் ஆறியிருந்தது.

சைக்கிளுக்கு வந்த நோய் பெடல் அச்சில். அச்சு சுழல்கிற கப்பு தேய்ந்துபோய் ஆட்டம் கண்டுவிட்டது. ஆட்டம் கூடக் கூட செயின் கழலும். கழன்ற செயினை இருட்டில் மாட்டி, கையெல்லாம் கிரீஸோடு நான் வந்து சேரும்போது வள்ளத்தில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வள்ளத்தை நடத்துகிற தண்டல் ஒருநாள் பொறுமை இழந்து சொல்லிவிட்டார்: "இன்னொரு நாள் பிந்திப் பாரும், உம்ம கயித்தைச் சூசை கையில குடுத்துட்டு நான் பாட்டுக்குப் போயிருவேன்." சூசை அவருடைய ஆள். உலக்கை மாதிரிக் கை. கயிறு பிடிக்க எப்போது கூப்பிடுவார்கள் என்று கரையிலேயே சுற்றிக்கொண்டிருந்தவன்.

அந்த ஒரு கப்புக்காக நான் ஏறி இறங்காத கடை தூத்துக்குடியில் இல்லை. முதல் கடைக்காரர் சைக்கிளைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "சீமை மரை அண்ணாச்சி, நம்ம ஊரு கப்பு இதுல ஏறாது, எடைக்குப் போட்டுருங்க" என்றார். அடுத்த கடையில், "விட்டுட்டுப் போங்க, பார்க்கேன்" என்றார்கள். விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் என் சைக்கிளைச் சுவரோரம் சாத்தி, ஹேண்டில்பாரில் பழைய டியூப்களைத் தோரணம் கட்டியிருந்தார்கள். அது அங்கே கிடக்கிறவரை நான் அவர்களுடைய வாடகை சைக்கிளைத்தானே எடுக்க வேண்டும்! அவர்களுக்கு என்ன அவசரம்? இன்னொருவர் வராத கப்பை உள்ளே ஏற்ற முயன்று, இருந்த மரையையும் தின்றுவிட்டு, "வண்டி ரொம்பப் பழசுல்லா" என்று என்னைக் குற்றவாளியாக்கினார்.

கடைசியில் உம்ம வீட்டுக்குப் பக்கத்துக் கடை. நீர் போய் நின்றாலே, "வாங்க மாப்ளே" என்று கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வருவாரே, அவர்தான். அன்றைக்குக் கடலிலிருந்து திரும்பியதும் நேராக அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். சாயங்காலம் வரச்சொன்னார்.

சாயங்காலம் போகிறேன். என் சைக்கிள் தலைகீழாக நிறுத்தியது நிறுத்தியபடி நிற்கிறது. கடைக்காரர் உம்ம சைக்கிளுக்கு முன்னால் குந்தியிருக்கிறார். சக்கரத்து நடுவில் கலர் குஞ்சம் கட்டிக்கொண்டிருக்கிறார்! நீர் பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ கதை சொல்ல, அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "ஏன்யா, என் பிழைப்பு தலைகீழா நிக்கி, உமக்குக் குஞ்சம் கேக்குதோ?" என்று கடைக்காரரிடம் கத்தினேன். கேட்டது அவரை. திட்டியது உம்மை. உமக்கும் புரிந்தது. ஆனாலும் சிரித்த முகம் மாறாமல், "மச்சான், என் வண்டியை எடுத்துட்டுப் போரும். இல்லைன்னா இங்கனயே படுத்திரும், காலையில சேர்ந்து போவோம்" என்றீர்.

"உம்ம வண்டியில ஏறுறதுக்கு நான் உருண்டே போவேன்" என்றேன்.

கடைக்காரர் ஒரு தகரத்துண்டை வெட்டி, பழைய கப்பைச் சுற்றி வைத்து, சுத்தியலால் நாலு போடு போட்டு, என் கையில் கொடுத்தார். போகிற வழி முழுக்க அது சத்தமே போடவில்லை. பார்த்தீரா, நானும் செய்ய வைத்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மிதித்தேன்.

மறுநாள் விடிகாலை, பாதி வழியில், இரண்டு பக்கமும் உப்பளம், கப்பு தகரத்தோடு பிதுங்கி வெளியே விழுந்தது. உள்ளே இருந்த இரும்புக் குண்டுகள் ரோடெல்லாம் சிதறின. பெடல் அச்சு தொங்குகிறது. வழியில் ஒரு ஈ காக்காய் இல்லை. தள்ளினேன், ஓடினேன், தள்ளினேன். கரைக்கு வரும்போது வள்ளம் ஒரு புள்ளியாகப் போய்க்கொண்டிருந்தது.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர், "சூசை ஏறிட்டான்லா" என்றார்.

அன்றைய பகல் எனக்கு எப்படிப் போயிற்று என்பதை உம்மிடம்கூட நான் சொன்னதில்லை. பொண்டாட்டியை இன்னொருத்தனோடு சினிமாவுக்கு அனுப்பிவிட்டுக் கொட்டகை வாசலில் நிற்கிறவன் கதிதான் என் கதி. சூசை எப்படிப் பிடிப்பான், எப்படி இழுப்பான்? அவன் கைபலத்துக்கு நீர் சட்டென்று மேலே வந்து, "அடடா, இதுல்லா இழுப்பு" என்று சொல்லிவிடுவீரோ? நிறையச் சங்கோடு வந்துவிட்டால் என் பங்கு அதோடு போச்சு. அந்த நினைப்புக்கு அடியிலேயே இன்னொன்றும் கிடந்தது. அவன் பராக்குப் பார்த்துவிட்டால்? நீர் சுண்டியது அவனுக்குத் தெரியாமல் போய்விட்டால்? தங்கச்சி முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? தங்கச்சி சோறு கொடுத்தனுப்பினாள். திறக்காமலே திருப்பி அனுப்பினேன்.

வள்ளம் திரும்பியது. மற்றவர்கள் ஈரத்தோடு சங்கு மூட்டைகளை இறக்கினார்கள். நீர் கடைசியாக இறங்கினீர். முதலில் நான் பார்த்தது உம்ம தலையை. காலையில் எண்ணெய் வைத்துச் சீவிய முடி அப்படியே கலையாமல் இருந்தது. கயிறு சுருட்டியபடி உம்ம கக்கத்தில்.

தண்டல் என்னைப் பார்த்ததும் குதித்தார். "முழுநாளும் பொம்மை மாதிரி உக்காந்துட்டு வாராரு உம்ம மாப்பிள்ளை. சூசை கேட்டா, கயித்தை மடியில வச்சு மூடிக்கிடுதாரு. இதுக்கு நான் வள்ளம் விடணுமா?" சூசை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான்.

"ஏன்வே இறங்கல? அவன் என்னைவிட பலசாலிதான" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

நீர் மணலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தீர். "பலம் கிடக்கட்டும் மச்சான். நான் புதுச்சட்டை போட்டா ஊருல முதல்ல பாக்குறது நீரு. எனக்கு ஒரு சங்கு கூடக் கிடைச்சா எனக்கு முந்தி எண்ணுறது நீரு. சைக்கிள்ல குஞ்சம் கட்டுனதைத் தெருமுனையில வரும்போதே பார்த்துட்டீரு. இப்படி வயித்தெரிச்சலோட என்னையே பார்த்துக்கிட்டு இருக்க ஆளு, கயித்தைப் பிடிச்சிக்கிட்டு வேற எங்க பார்க்கப் போறீரு? சூசை வானத்தைப் பார்ப்பான், பறவையைப் பார்ப்பான். எனக்கு நீருதான் சரி."

நான் மறைத்து வைத்திருந்ததாக நினைத்த அத்தனையையும் நீர் ஆரம்பத்திலிருந்தே பார்த்திருக்கிறீர். பார்த்துவிட்டுத்தான் தினமும் அந்த வயிற்றெரிச்சலின் கையில் உயிரைக் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குள் போயிருக்கிறீர்.

அன்றைக்கே புதுச் சைக்கிளை என் கையில் திணித்தீர். "எடுத்துட்டுப் போரும்வே. நாளைக்கும் நான் உலர்ந்த தலையோட வீட்டுக்குப் போனா உம்ம தங்கச்சி சோறு போடமாட்டா" என்றீர். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு ஏறினேன். மறுநாள் எல்லோருக்கும் முந்தி வள்ளத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் நீர் என் சீமைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அதே கடைக்குப் போனீர். காயல்பட்டினத்தில் ஒரு வீட்டுக் கொல்லையில் இதே ஜாதிச் சைக்கிள் ஒன்று துருப்பிடித்துக் கிடப்பது அந்தக் கடைக்காரருக்கு முன்னமே தெரியுமாம்! ஆளனுப்பிக் கப்பைக் கழற்றிக்கொண்டு வந்து உமக்கு மாட்டிக் கொடுத்துவிட்டார். நான் போய்ச் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன், "எனக்கு ஏன்யா இதைச் சொல்லலை?" "நீங்க சண்டை பிடிக்க வந்தீங்க அண்ணாச்சி, அவரு சைக்கிளைச் சரிபண்ண வந்தாரு" என்றார்.

அதன்பிறகு அந்தப் பழைய சைக்கிள் உமக்குக் கீழே வெண்ணெய் மாதிரி ஓடியது. நெட்டையான அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்து நீர் கடற்கரை ரோட்டில் வரும்போது, நீரே துரை மாதிரி இருப்பீர். பச்சைச் சைக்கிளில் டைனமோ லைட்டோடு போகிற நான், உம்மைப் பார்த்து மறுபடியும் வயிறெரிந்தேன். என்ன ஜென்மமோ!

நீர் கடலை விட்ட பிறகும் என் கண் உம்மை விடவில்லை. உம்ம வீட்டில் டிவி வந்தது, மாடி எழும்பியது, பேரன் கப்பல் வேலைக்குப் போனான். ஒவ்வொன்றும் எனக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். தெரிந்ததும் எங்காவது ஒரு மூலையில் சுருக்கென்று இருக்கும். பெட்டியில் உம்மைக் கிடத்தியிருந்தபோதுகூட, உமக்குப் போட்டிருந்த பட்டுச் சட்டையைத்தான் பார்த்தேன். பிள்ளைகள் நல்ல துணியாக எடுத்திருக்கிறார்கள், எனக்கு இப்படி எடுப்பார்களா என்று நினைத்தேன். நீர் எழுந்து உட்கார்ந்து, "பார்த்தீரா மச்சான்" என்று சிரிப்பீர் என்று கொஞ்ச நேரம் நின்றேன்.

போன வாரம் எதிர்வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கினாராம். வாசலிலேயேதான் நின்றிருக்கிறது. மருமகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போய்ப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. இந்த வயதில் புதிதாக ஒருத்தர்மேல் பொறாமைப்பட எனக்குத் தெம்பில்லை, மாப்பிள்ளை.