ஆறு வறண்ட வருஷத்தில் நான் சொன்ன பொய்

என்னைத் தோளில் உட்காரவைத்துக் கொசத்தலை ஆற்றைக் கடந்த அண்ணா,

நீ போய் இருபத்தோரு நாள் ஆகிறது. ஆடி பிறந்தும் மழை இல்லை. நம் ஊர் ஆற்றில் ஊற்று ஆள் உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டதாம், அண்ணி சொல்லியனுப்பியிருக்கிறார். ரேடியோவில் தினமும் வறட்சியைப் பற்றிச் சொல்கிறார்கள். நம் ஊர்ப் பெயர் ஒருநாளும் வந்ததில்லை.

ஆனால் நான் எழுத வந்தது சித்திரையில் நடந்ததைப் பற்றி.

ஆறு வறண்டு அது இரண்டாவது வருஷம். மணலைத் தோண்டிக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிரப்பும் ஊரில், துணி வெளுக்க யார் தண்ணீர் தருவார்கள்? "குடிக்கவே இல்ல, ஊத்துல நீ வேற சோப்பு போடாதே" என்று சொல்லிவிட்டார்கள். பாதி ஊர் செங்கல் சூளைக்குப் போய்விட்டது. மிச்சமிருந்த வீடுகளில் பிரசவமும் சாவும் நிற்கவில்லை. அந்தத் துணியை நீதான் வெளுத்தாக வேண்டும். அது அப்பா செய்த தொழில். என்னைப் படிக்கவைத்து ஆவடித் தொழிற்சாலைக்கு அனுப்பியதும் அதே தொழில்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சைக்கிளில் இரண்டு மூட்டையோடு கோவில்பதாகைக்கு வந்து எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றாய். வெயிலில் மூன்று மணி நேரம் மிதித்திருந்தாய். உதடு வெடித்திருந்தது.

"பின்னாடி கெணத்துல தண்ணி கீதாமே. அலசிகினு போய்டறேண்டா."

நான் உன்னை உள்ளே கூப்பிடவில்லை. யாராவது பார்ப்பதற்குள் பின்பக்கம் போகச் சொன்னேன். என் அப்பா விவசாயி என்று அங்கே எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

எதிர்வீட்டு சரோஜா அம்மா பார்த்துவிட்டார். "யாரு சார் அது?"

"துணி வெளுக்கிறவரும்மா. ஊர்ப்பக்கம் தெரிஞ்சவரு."

நீ பக்கத்திலேயே நின்றிருந்தாய். காதில் விழாமல் இருக்க வழியே இல்லை.

"அப்போ எங்க துணியும் கொஞ்சம் போட்டுத் தரீங்களா?" என்று அவர் உன்னிடம் கேட்டார்.

"அதுக்கின்னாம்மா, குடுங்க. சாரு ஊட்டுத் துணியோட சேத்துப் போட்டுர்றேன்."

சாரு! என்னை 'டேய்' என்று தவிர வேறெப்படியும் கூப்பிட்டறியாத நீ.

முதலில் அவர் வீட்டுப் போர்வைகளைத்தான் வெளுத்தாய். என் மனைவி சாப்பாட்டைக் கிணற்றடிக்கே கொண்டுவந்தாள். அவள் உன் முகத்தையும் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. கிளம்பும்போது மெதுவாகச் சொன்னாய்: "இனிமே வரமாட்டண்டா. நீ ஒண்ணும் மன்சுல வெச்சிக்காதே."

ஏன் அண்ணா திட்டவில்லை? ஓர் அறை விட்டிருக்கலாமே?

அதன் பிறகு நீ பக்கத்து ஊர் ஏரியில் மிச்சமிருந்த குட்டைக்கு மூட்டை தூக்கிப் போயிருக்கிறாய். தாகத்துக்கு அந்தக் கலங்கல் தண்ணீரையே குடித்திருக்கிறாய். வாந்திபேதி கண்டு இரண்டே நாளில் போய்விட்டாய். அண்ணி சொல்லித்தான் எல்லாம் எனக்குத் தெரியும். எங்கள் கிணற்றில் அப்போதும் தண்ணீர் இருந்தது.

உன் கருமாதிக்கு ஆற்றில் ஒரு கை தண்ணீர் இல்லை. ஊர்க்காரர்கள் குடிக்க வைத்திருந்ததிலிருந்து ஆளுக்கொரு சொம்பு கொண்டுவந்து ஊற்றினார்கள். உனக்குப் பிள்ளை இல்லை. நான்தான் மொட்டை போட்டுக்கொண்டேன்.

மறுநாள் சரோஜா அம்மா கேட்டார். "என்னா சார், மொட்டை?"

"திருப்பதி போய்ட்டு வந்தேம்மா."

செத்த பிறகும் உன்னை மறைத்துவிட்டேன். "அந்தத் துணி வெளுக்கிறவரு அப்புறம் வரவே இல்லியே. நல்ல மனுஷன்" என்றார் அவர். அப்போது என் மனசில் என்ன ஓடியது தெரியுமா? லட்டு எங்கே என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம் ஒன்றுதான்.

அண்ணா, நாளைக் காலை குவார்ட்டர்ஸ் குழாயடியில் எல்லாரும் நிற்கும்போது சொல்லப்போகிறேன், அன்றைக்குத் துணி வெளுக்க வந்தவர் என் கூடப்பிறந்தவர் என்று. நீ வெளுக்காமல் விட்டுப்போன மூட்டை ஒன்று உன் வீட்டில் அப்படியே இருக்கிறதாம். வரும் ஞாயிற்றுக்கிழமை அண்ணியைக் கூட்டிக்கொண்டு அந்த மூட்டையையும் எடுத்துவருகிறேன். அண்ணி முன்வாசல் வழியாக வீட்டுக்குள் வருவார். மூட்டையை நானே வெளுப்பேன், எல்லாரும் பார்க்கும்படி.

உன்னை அண்ணன் என்று சொல்லாமல் விட்ட உன் தம்பி,
ஏழுமலை