பெட்டிக்குள் கோட்டும் கைலியும்

என் அன்பான, யார் பேச்சையும் கேட்காத மனுஷனுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆனதற்கான பூசை நேற்று நல்லபடியாக முடிந்தது. ஃபாதர் உங்கள் பெயரைத் தடுமாறாமல் வாசித்தார். ஆர்பர் கூட்டாளிகள் எல்லாரும் வந்தார்கள், பிரியாணியும் போதுமானதாக இருந்தது. உங்கள் அண்ணன் வருவாரா மாட்டாரா என்பதுதான் கடைசி வரை தெரியவில்லை.

எல்லாம் உங்கள் உடுப்பால் வந்த வினை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வந்து குளித்ததும் நீலக் கட்டம் போட்ட கைலி, அதற்கு மேல் நம் கல்யாணக் கோட்டு. அந்தக் கோலத்தில் ராயபுரத்தில் மீன் வாங்கப் போவீர்கள். என் தங்கச்சி கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி கட்டி, காலில் ஆர்பர் சேஃப்டி ஷூவை மாட்டிக்கொண்டு வந்தீர்கள். மண்டபத்து வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டேன்.

"இன்னாங்க இது கோலம்? சனம் சிரிக்குது!"

"சிரிக்கட்டும் ஸ்டெல்லா. கல்யாண வூட்டுக்கு அழுவறதுக்கா வந்துகீறாங்க?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி முன்னால் நின்று டை கட்டிக்கொண்டே சொன்னீர்கள். "நான் போவ சொல்லோ பேன்ட்டு மாட்டி உட்டுடாத. மேல கோட்டு, டை எல்லாம் போடு. கீழ கைலிதான். அப்பதான் நான் நானா இருப்பேன்." விளையாட்டென்று நினைத்து, சரி என்று தலையாட்டினேன். அதை நிறைவேற்ற வேண்டி வரும் என்று யாருக்குத் தெரியும்?

நம் சனத்தில் வசதியுள்ள ஆண்பிள்ளை போனால் கல்யாணக் கோட்டு சூட்டோடுதான் பெட்டியில் வைப்பார்கள். பெரம்பூரிலிருந்து ஓடி வந்த உங்கள் அண்ணன், அழுதுகொண்டே உங்கள் பேன்ட்டை அயர்ன் பண்ணி வைத்திருந்தார். நான் கைலியை நீட்டினேன்.

"உனுக்கு இன்னா பைத்தியமா? எங்க நைனா இடுப்புத் துணியோட மூட்டை தூக்குனாரு. அவரைப் பெட்டில வைக்க சொல்லோ மேல போட ஒரு நல்ல சட்டகூட இல்ல. என் தம்பியாவது முழு சூட்டோட போவட்டும்."

அதில் நியாயம் இல்லையா? இருந்தது. ஆனால் உங்களிடம் தலையாட்டியவள் நான் அல்லவா? கடைசியில் மேலே கோட்டும் டையும், கீழே கைலி, அதைப் பூவால் மூடிவிடுவது என்று முடிவானது.

பூவை நம்பியதுதான் தப்பு. தெருவில் சனம் பார்த்து முடித்த பிறகுதானே மூடி போடுவார்கள்? நம் மாடிப்படியோ குறுகல், பெட்டியைச் சாய்த்துத்தான் இறக்க முடிந்தது. சாமந்தியும் ரோஜாவும் ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டன. தெருவே பார்க்க நீலக் கட்டம்! உங்கள் தோஸ்து டேவிட், "தோ பாரு, இப்பகூட கைலிலதான் போறான்" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே சுவரில் முகத்தை வைத்து அழுதார். கூட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தான். உங்கள் அண்ணன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். கல்லறையில் மண் போட்டுவிட்டுப் போனவர், அதன்பின் நம் வீட்டுப் படியேறவில்லை.

உங்கள் ஆசையைக் காப்பாற்றப் போய் அவர் ஆசையைத் தெருவில் போட்டு உடைத்துவிட்டேனோ? உங்களுக்குக் கோட்டு என்பது நினைத்தபோது மாட்டிக்கொள்கிற சந்தோஷம். அவருக்கு அது உங்கள் நைனாவுக்குக் கிடைக்காத மரியாதை. இருவரில் யார் பக்கம் நிற்பது? இந்த ஒரு வருஷமும் உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், நீங்கள் வாயே திறக்கவில்லை.

நேற்று பூசை ஆரம்பித்த பிறகு உங்கள் அண்ணன் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முழு சூட்தான். வியர்த்துக் கொட்டியது, ஆனாலும் கோட்டைக் கழற்றவில்லை.

பூசை முடிந்ததும், இறந்தவர் உடுத்திய மாதிரியே புதுத்துணி எடுத்து ஓர் ஏழைக்குக் கொடுப்பது நம் வீட்டு வழக்கமாயிற்றே. மூத்தவர்தான் எடுக்க வேண்டும். கோபத்தில் அவர் எடுக்க மாட்டார் என்று நானே, அவர் ஆசைப்பட்டபடி பேன்ட்டும் சட்டையும் வாங்கி வைத்திருந்தேன். அவர் என் எதிரில் வந்து நின்று தம் பையைப் பிரித்தார். ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு டை, ஒரு கோட்டு. அடியில் நீலக் கட்டம் போட்ட கைலி.

நான் கைலியையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"இன்னா பாக்குற? அவன் இன்னா போட்டுகினு போனானோ அத்தத்தான குடுக்கணும்? நீ இன்னாத்துக்குப் பேன்ட்டு எடுத்துகினு வந்த?"

கோயில் வாசலில் உட்காரும் தாத்தா அங்கேயே உடுத்திக்கொண்டார். டை கட்டத் தெரியவில்லை அவருக்கு. உங்கள் அண்ணன்தான் கட்டிவிட்டார். பிறகு நம் வீட்டுப் படியேறி வந்து, பிரியாணியை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

உங்களுக்கு ஒரு வாக்கு தருகிறேன். நான் உங்களிடம் வரும்போது கல்யாணச் சேலையில்தான் வருவேன், காலில் உங்கள் சேஃப்டி ஷூ. நம் மகளிடம் சொன்னேன், முறைத்தாள். உங்கள் அண்ணனிடம் சொன்னேன். "பாலிஷ் போட்டு வை" என்றார். அங்கே வாசலில் என்னைப் பார்த்து நீங்கள் தலையில் அடித்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் கைலிக்கும் கோட்டுக்கும் வாழ்க்கைப்பட்ட பெண்டாட்டி,
ஸ்டெல்லா